பெட்டகத்தின் இரு சாவிகள்

அறுவடைப் பணம் கைக்கு வந்ததும் மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பகுதிக் குடியானவர்கள் மதுரைத் தெற்காவணி மூல வீதிக்குச் சென்று நகை வாங்குவது நெடுநாளைய வழக்கம். அந்நகையை நெற்குதிரில் ஒளித்துவைத்த காலம் மாறி, இன்று பாங்குகளிலும் சில கூட்டுறவுக் கடன் சங்கங்களிலும் உள்ள பாதுகாப்புப் பெட்டகங்களில், அதாவது லாக்கர்களில், நம் மக்கள் வைக்கின்றனர். இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் பெட்டகத்தின் பூட்டு எவ்விதம் இயங்குகிறது என்பதை அறிந்தவர் சிலரே.

பெட்டகத்தைத் திறக்க இரு சாவிகள் வேண்டும். உறுப்பினரிடம் உள்ள சாவி அவருடைய பெட்டகத்துக்கு மட்டுமே பொருந்தும். காப்பாளரிடம் உள்ள மாஸ்டர் சாவியோ வரிசையிலுள்ள எல்லாப் பெட்டகங்களுக்கும் பொருந்தும். முதலில் காப்பாளர் தம் சாவியைத் திருப்புவார். அதனால் கதவு திறவாது. உறுப்பினரின் சாவி திரும்ப வழி பிறக்கும், அவ்வளவே. பிறகு காப்பாளர் அப்பால் சென்றுவிட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்பதை அவர் அறியவும் கூடாது. ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து ஒப்பமிடும் முறையை அறிந்த அன்பர்களுக்கு இதன் கருத்து எளிதில் விளங்கும். முன்கூட்டியே ஒப்பமிட்ட வெற்றுக் காசோலைகளால் விளையும் தொல்லைகளையும் அவர்கள் அறிவார்கள்!

சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு கிராமச் சங்கத்துக்குச் சென்றிருந்தோம். மாஸ்டர் சாவி எழுத்தரின் சட்டைப்பையில் இருந்தது. அவர் மேசைக்குப் பின்னால், ஆணி ஒன்றில், எண் எழுதிய அட்டையுடன் நான்கு உறுப்பினர் சாவிகள் தொங்கின. "வயற்காட்டில் தொலைந்துவிடும் ஐயா, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று உறுப்பினர்களே கொடுத்துச் சென்றனராம். மறு ஆண்டு அவர்களுள் ஓர் அம்மையார், மகள் கலியாணத்துக்காகப் பெட்டகத்தைத் திறந்தபோது இரு வளையல்கள் குறைவதாகக் கூறினார். பெட்டகம் எப்போது, யாரால் திறக்கப்பட்டது என்பதற்குப் பதிவேட்டில் ஒரு வரி இல்லை. அம்மையார் தம் இழப்பை மெய்ப்பிக்க இயலவில்லை. எழுத்தர் தாம் குற்றமற்றவர் என்பதையும் மெய்ப்பிக்க இயலவில்லை. அவர் கைகள் தூயவையாகவே இருந்திருக்கலாம் என்பது நம் எண்ணம். ஆனால் ஊர் அப்படி எண்ணவில்லை.

இத்தகைய நிலை நேராதிருக்கவே, 2021 ஆகஸ்டில் ரிசர்வ் பாங்கு விரிவான விதிகளை வெளியிட்டது; அவை 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. மாஸ்டர் சாவியின் கூட்டுப் பொறுப்புக்குப் பதிவு வேண்டும். அதன் மாற்றுச் சாவியை வேறொரு கிளையில் ஒப்படைக்க வேண்டும். காலிப் பெட்டகங்களின் சாவிகள் முத்திரையிட்ட உறைகளில் இருக்க வேண்டும். சாவிப் பொறுப்பில் தொடர்பில்லாத அதிகாரி ஒருவர் அவற்றை முன்னறிவிப்பின்றிச் சோதிக்க வேண்டும். ஒருவர் பெட்டகத்தைத் திருப்பித் தந்ததும் பூட்டை மாற்ற வேண்டும். இல்லையேல் பழையவர் எடுத்துவைத்த போலிச் சாவி புதியவரின் பெட்டகத்தைத் திறக்குமன்றோ? பெட்டகம் திறக்கப்பட்ட நாளிலேயே வாடகைதாரருக்குக் கைப்பேசிச் செய்தி செல்ல வேண்டும். திருட்டாலோ ஊழியர் மோசடியாலோ இழப்பு நேரின், ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரை பாங்கு பொறுப்பேற்கும். வாடகை 2,000 ரூபாயாயின் பொறுப்பு 2 லட்சம் வரையிலேயே என்பதை நினைவிற் கொள்க.

இவ்விதிகளுக்கு வழிகோலியது கல்கத்தா வழக்கொன்று. வாடகை நிலுவை எனக் கருதி, முன்னறிவிப்பின்றி ஒருவரின் பெட்டகத்தை ஒரு பாங்கு உடைத்தது. தாம் வைத்த ஏழு நகைகளில் இரண்டே திரும்பின என்றார் அவர். 2021 பிப்ரவரி 19 அன்று சுப்ரீம் கோர்ட்டு அவருக்கு 5 லட்சம் ரூபாய் அளிக்கப் பணித்து, ஆறு மாதத்துக்குள் விதிகள் வகுக்குமாறு ரிசர்வ் பாங்குக்கு உத்தரவிட்டது.

தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களை இவ்விதிகள் நேரே கட்டுப்படுத்தா. எனினும் அவற்றைத் தழுவி நடக்கத் தடையேதும் இல்லை. பெரும்பாலானவற்றுக்கு ஒரு பதிவேடும் ஒரு முத்திரை உறையுமே போதும். இயக்குநர் குழுவில் உள்ள உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தில், மாற்றுச் சாவி யாரிடம் உள்ளது என்று கேட்கலாம்.

சாவி தொலைந்துவிடுமே என்னும் அச்சத்துக்கும் விடையுண்டு. எழுத்து மூலம் தெரிவித்தால், உறுப்பினர் முன்னிலையிலேயே பெட்டகம் செய்த நிறுவனத்தின் ஆள் பூட்டை உடைத்துப் புதிது பொருத்துவார். செலவு உறுப்பினருடையது.