எய்தவன் இருக்க அம்பை நோவதா?
(ஆல்டர்னேட்டர் அடிக்கடி பழுதாவது ஏன்? ஒரு சிறு ஆய்வு)

– இறுதியாண்டு மாணவர், ஆட்டோமொபைல் பிரிவு



எந்த ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றாலும் ஒரு குரல் கேட்கும். "போன மாசம்தான் டைனமோ மாத்துனேன், மறுபடியும் சார்ஜ் ஏறல!" புதுசு போட்டாலும் போகிறது, ரீகண்டிஷன் போட்டாலும் போகிறது. மாட்டியவர் "சாமான் சரியில்ல" என்பார். சாமான் விற்றவர் "மாட்டினது சரியில்ல" என்பார். இருவருக்கும் நடுவில் காசு கொடுப்பவர் வண்டிக்காரர்!

ஒரு பாகம் ஒருமுறை பழுதானால் அதற்கு வயதாகிவிட்டது எனலாம். அதே பாகம் அதே வண்டியில் ஒரே வருடத்தில் மூன்று முறை பழுதானால்? குற்றவாளி பெரும்பாலும் அந்தப் பாகத்துக்கு வெளியேதான் இருப்பான். அவனைப் பிடிக்காமல் பாகத்தை மட்டும் மாற்றுவது, எய்தவன் இருக்க அம்பை நோவது போன்றது. அவனை எப்படிப் பிடிப்பது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

டைனமோவும் ஆல்டர்னேட்டரும்

டிரைவர்கள் பலர் இன்றும் 'டைனமோ' என்றுதான் சொல்கிறார்கள். காரணம் உண்டு. பழைய அம்பாசடர் போன்ற வண்டிகளில் இருந்தது டைனமோதான். அதில் சுற்றுகின்ற ஆர்மேச்சரில் மின்சாரம் உற்பத்தியாகி, கம்யூட்டேட்டர் வழியாக வெளியே வரும். வண்டி ஐட்லிங்கில் நின்றால் சார்ஜ் ஏறாது.

சிலிக்கான் டயோடு மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. 1960ஆம் ஆண்டு அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது. மெல்ல மெல்ல உலகம் முழுக்க டைனமோ மறைந்தது.

ஆல்டர்னேட்டரில் சுற்றுவது ரோட்டார். கார்பன் பிரஷ், ஸ்லிப் ரிங் வழியாக அதற்குச் சில ஆம்பியர் மட்டும் போகிறது. சுற்றாமல் நிற்கும் ஸ்டேட்டரில் மூன்று ஃபேஸ் ஏசி உண்டாகிறது. டயோடு பிளேட்டில் உள்ள 6 டயோடுகள் அதை டிசியாக மாற்றுகின்றன. ரெகுலேட்டர் வோல்டேஜைச் சுமார் 13.8 முதல் 14.5 வரை கட்டுப்படுத்துகிறது. இவற்றில் சூட்டுக்கும், திடீர் வோல்டேஜ் ஏற்றத்துக்கும் முதலில் பலியாவது டயோடும் ரெகுலேட்டரும்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மறுபடியும் மறுபடியும் ஏன்?

1. பேட்டரி: ஆல்டர்னேட்டரின் வேலை, நல்ல பேட்டரியை நல்லபடி வைத்திருப்பது. செத்துப்போன பேட்டரிக்கு உயிர் கொடுப்பது அதன் வேலையல்ல. ஒரு செல் ஷார்ட் ஆன பேட்டரி எவ்வளவு கொடுத்தாலும் இழுத்துக்கொண்டே இருக்கும். ஆல்டர்னேட்டர் நாள் முழுக்க முழு லோடில் ஓடிச் சூடாகும். தள்ளு ஸ்டார்ட் செய்து, "ஓடினா ஏறிரும்" என்று விடுவது வழக்கமானால், ஆல்டர்னேட்டருக்கு நாள் குறித்தாயிற்று!

2. லூஸ் கனெக்‌ஷன்: பி பிளஸ் டெர்மினல் நட்டு லூசாக இருந்தால் குலுங்கும்போது தொடர்பு விட்டுவிட்டுப் பிடிக்கும். விடும் அந்த நொடியில் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் சட்டென எகிறும். இதற்கு 'லோடு டம்ப்' என்று பெயர். 12 வோல்ட் வண்டியில்கூட இது 100 வோல்ட்டைத் தாண்டக்கூடும். டயோடு எப்படித் தாங்கும்?

3. எர்த்: போன மின்சாரம் திரும்பி வந்தால்தான் சர்க்யூட். என்ஜினிலிருந்து பாடிக்கு வரும் எர்த் பட்டை துருப்பிடித்தாலோ, கிளட்ச் வேலைக்கு என்ஜினை இறக்கியபின் அதை மாட்டாமல் விட்டாலோ, மின்சாரம் கிடைத்த வழியில் திரும்பும். ஆக்சிலரேட்டர் கேபிள் காரணமில்லாமல் சூடானால் இதைச் சந்தேகியுங்கள்.

4. பெல்ட்: லூசானால் வழுக்கும், கீச்சிடும், சார்ஜ் குறையும். "இனி லூசே ஆகக்கூடாது" என்று அளவுக்கு மீறி இறுக்கினால் பேரிங் போகும். புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டாலும் இதே கதிதான்.

5. ஆயிலும் தண்ணீரும்: பல டீசல் வண்டிகளில் பிரேக்குக்கான வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகில், அதே ஷாஃப்ட்டில் இருக்கும். அதற்கு என்ஜின் ஆயில் வரும். ஆயில் சீல் போனால் ஆயில் உள்ளே கசிந்து பிரஷ்ஷையும் ஸ்லிப் ரிங்கையும் கெடுத்துவிடும். சீலை மாற்றாமல் பிரஷ்ஷை மட்டும் மாற்றினால் சில வாரங்களில் பழைய குருடி கதவைத் திறடி! இதில் ஆபத்தும் உண்டு. பம்ப் நின்றால் பிரேக் மிதி கல் போல இறுகிவிடும். எனவே இந்த வண்டிகளில் ஆல்டர்னேட்டர் வேலை என்பது பிரேக் வேலையும்தான்.

6. கூடுதல் லோடு: இரண்டு 55 வாட் ஹெட்லைட் 110 வாட், அதாவது 14 வோல்ட்டில் ஏறக்குறைய 8 ஆம்பியர். அதோடு ஏசி புளோயர், ரேடியேட்டர் ஃபேன், எக்ஸ்ட்ரா லைட், பெரிய ஸ்பீக்கர் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். ஆல்டர்னேட்டர் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர் அதிவேகத்தில் கிடைப்பது. ஐட்லிங்கில் அது வெகுவாகக் குறைந்துவிடும்.

ஒரு வண்டியின் கதை

இதெல்லாம் புத்தகத்துக்குச் சரி, நடைமுறைக்கு வருமா என்று கேட்பீர்கள். எங்கள் மாமா ஒரு பழைய டீசல் காரை வாடகைக்கு ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிப் படிக்கவந்த முதல் ஆள் நான். என் கல்லூரிக் கட்டணத்தில் பாதி அந்தக் கார் ஓடி வந்த காசு. அந்த வண்டியில் 7 மாதத்தில் 3 முறை ஆல்டர்னேட்டர் போனது. முதலில் டயோடு பிளேட். அடுத்து முழு ரீகண்டிஷன் செட். மூன்றாவதாக மறுபடியும் டயோடு. செலவு 12,000 ரூபாய்க்கு மேல். வண்டி நின்ற நாட்களின் வாடகை தனி. பைனான்ஸ் தவணை மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை!

ஒரு சனிக்கிழமை, ஆய்வக ஆசிரியரின் அனுமதியோடு வண்டியைக் கல்லூரிப் பட்டறைக்குக் கொண்டுவரச் செய்தேன். என்ஜினைச் சுமார் 2000 ஆர்பிஎம்மில் வைத்து, ஹெட்லைட்டும் புளோயரும் போட்டு மல்டி மீட்டரில் அளந்தோம். ஆல்டர்னேட்டரின் பி பிளஸ்ஸுக்கும் அதன் பாடிக்கும் நடுவே 14.3 வோல்ட். பேட்டரியில் 13.2 வோல்ட்தான். நடுவில் 1.1 வோல்ட் எங்கே போனது?

ஒவ்வொரு இடமாகத் தேடினோம். பேட்டரி டெர்மினலில் 0.1. வயரில் 0.1. எர்த் பக்கம் 0.2. பி பிளஸ் போல்ட்டுக்கும் வயர் லக்குக்கும் நடுவில் மட்டும் 0.7 வோல்ட்! கூட்டினால் 1.1, கணக்கு நேராயிற்று. முதலாண்டில் மனப்பாடம் செய்த கிர்ச்சாஃப் விதி அன்றுதான் எனக்குக் கண்ணால் தெரிந்தது.

கிளாம்ப் மீட்டர் காட்டிய கரண்ட் 35 ஆம்பியர். 35 × 0.7 = 24.5 வாட். நம் ஆய்வகத்து 25 வாட் சால்டரிங் அயர்ன் எவ்வளவு சூடாகும் என்று உங்களுக்கே தெரியும். அப்படி ஒன்றை அந்த நட்டின்மேல் பகல் முழுதும் வைத்திருப்பதாக நினைத்துப் பாருங்கள். அந்த போல்ட் உள்ளே போய்ச் சேரும் இடமோ டயோடு பிளேட்!

கழற்றிப் பார்த்தால் லக் கறுத்து, பாதிக் கம்பி அறுந்து, ஓட்டை பெரிதாகிக் கிடந்தது. மூன்று முறையும் ஆல்டர்னேட்டர் புதிது, லக் மட்டும் அதே பழையது. கருகிய பகுதியை வெட்டி, புது வயர்த்துண்டும் லக்கும் போட்டு, எர்த் பட்டையின் இரு முனையையும் சுரண்டிச் சுத்தம் செய்து முடுக்கினோம். செலவு 200 ரூபாய்க்குள். மறுபடி அளந்தபோது பேட்டரியில் 14.1 வோல்ட்.

மாமா அந்தக் கருகின லக்கைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இந்தச் சுண்டைக்காய்க்கா மாப்ள பன்னெண்டாயிரம் அழுதேன்?" என்றார். இன்றோடு 9 மாதம் ஆகிறது. அதே ஆல்டர்னேட்டர்தான் ஓடுகிறது.

இதற்காக எலக்ட்ரீஷியன்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. சத்தத்தைக் கேட்டே எந்தப் பேரிங் என்று சொல்லும் அவர்களிடம் நாம் கற்க வேண்டியது நிறைய. அவர்களில் ஒருவரிடம் கேட்டபோது, "மீட்டர் வச்சுப் பார்க்கத் தெரியாம இல்ல தம்பி. வெளிய நாலு வண்டி நிக்குது, எல்லாருக்கும் அவசரம்" என்றார். உண்மைதான். அளந்து பார்க்கும் அரைமணிக்கு யாரும் கூலி தருவதில்லை. மாற்றும் சாமானுக்குத்தான் தருகிறோம்.

சோதனை வரிசை

ஆல்டர்னேட்டரைக் கழற்றுவதற்கு முன்பும், புதிதை மாட்டிய பின்பும் இதே வரிசையில் பாருங்கள்.

1. என்ஜின் நின்று சில மணி நேரம் கழித்து பேட்டரி வோல்டேஜ். 12.6 இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. குறைவாக இருந்தால் வெளியே சார்ஜ் செய்து, லோடு டெஸ்ட் செய்த பிறகே அடுத்த வேலை.

2. பெல்ட்டின் இறுக்கம், விரிசல், புல்லிகளின் நேர்கோடு.

3. சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் சார்ஜ் விளக்கு எரிகிறதா? பல பழைய வண்டிகளில் அந்த பல்ப் வழியாகத்தான் ரோட்டாருக்கு முதல் கரண்ட் போகிறது. பல்ப் ஃபியூஸ் என்றால் நல்ல ஆல்டர்னேட்டரும் சார்ஜ் கொடுக்காமல் இருக்கலாம்.

4. என்ஜின் ஓட, லோடு போட்டு, பேட்டரியில் வோல்டேஜ். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு. புதிய வண்டிகள் சிலவற்றில் கம்ப்யூட்டரே சார்ஜிங்கைக் கூட்டிக் குறைக்கிறது. அங்கே கையேட்டில் உள்ள அளவே அளவு.

5. வோல்டேஜ் டிராப். பி பிளஸ்ஸிலிருந்து பேட்டரி பாசிட்டிவ் வரை 0.3 வோல்ட்டுக்குள், ஆல்டர்னேட்டர் பாடியிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது.

6. மீட்டரை ஏசியில் வைத்து பேட்டரியில் பாருங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு சந்தேகம். மலிவு மீட்டர்கள் சில டிசியையும் சேர்த்துக் காட்டும், கவனம்.

7. எல்லாம் அணைத்தபின் பேட்டரியிலிருந்து போகும் கரண்ட். பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்கு மேல் இருந்தால் எங்கோ கசிவு.

செய்யவே கூடாதது

என்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி, "வண்டி நிக்காம ஓடுது, அப்ப டைனமோ நல்லாயிருக்கு" என்று பார்க்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது. டைனமோ காலத்தில் பெரிய சேதம் வராமல் தப்பித்திருக்கலாம். இன்று அதே செயல், மேலே சொன்ன லோடு டம்ப்பை நாமே வரவழைப்பதாகும். டயோடு மட்டுமல்ல, விலை உயர்ந்த கம்ப்யூட்டர் யூனிட்டும் போய்விடக்கூடும். யாராவது செய்ய வந்தால் மரியாதையாகத் தடுத்துவிடுங்கள். அதேபோல் ஆல்டர்னேட்டரில் கை வைக்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற மறக்காதீர்கள். பி பிளஸ்ஸில் எப்போதும் கரண்ட் உண்டு. ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறிதான்.

முடிவாக...

நண்பர்களே! நாளை நம்மில் பலர் சர்வீஸ் சென்டரிலோ சொந்தப் பட்டறையிலோ நிற்போம். நம்மிடம் வரும் வண்டிகளில் பல, ஒரு குடும்பத்தின் அரிசிப் பானையாக இருக்கும். பழுதான பாகத்தை மாற்றுவதோடு நம் வேலை முடிவதில்லை. "இது ஏன் போச்சு?" என்று ஒரு கேள்வி, அரைமணி நேரம், ஒரு சாதாரண மல்டி மீட்டர். இந்த மூன்றும் இருந்தால் போதும். மாற்றிய பாகத்தின் பெயரை மட்டும் பில்லில் எழுதாமல், பழுதின் காரணத்தையும் ஒரு வரி எழுதிக் கொடுக்கும் பழக்கத்தை நாம் தொடங்கி வைப்போம்!