ஒரு மணி நேரம் பறக்க என்ன செலவு?

முன்னுரை

நம்ம வேலம்பாளையத்துக்கு மேலே தினமும் விமானம் போகுது. கோயமுத்தூர் பீளமேட்டில் இறங்குகிற விமானம் அது. சத்தம் கேட்டதும் எல்லாரும் அண்ணாந்து பார்ப்போம். ஆனால் அதை ஓட்டுகிறவர் எப்படி அந்த இருக்கைக்குப் போனார், அதற்கு எவ்வளவு செலவானது, பணம் குறைவாக இருக்கிறவர் என்ன செய்யலாம் என்று யோசிப்பதில்லை. இக்கட்டுரையில் அதைக் காண்போம்.

மூன்று லைசென்ஸ்

முதலில் மாணவ விமானி உரிமம். 16 வயது முடிந்து பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். அடுத்தது தனியார் விமானி உரிமம். இதற்கு 17 வயது, குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். மூன்றாவது வணிக விமானி உரிமம். இதற்கு 18 வயது, 200 மணி நேரம். இது கிடைத்தால்தான் சம்பளம் வாங்கிக்கொண்டு ஓட்டலாம்.

சிக்கல் எங்கே என்றால், 40-க்கும் 200-க்கும் நடுவில் இருக்கிற அந்த 160 மணி நேரத்தில்தான். தனியார் உரிமம் வைத்திருப்பவர் கூலி வாங்கிக்கொண்டு விமானம் ஓட்டக் கூடாது. அதாவது சம்பாதிக்க முடியாது, ஆனால் ஒவ்வொரு மணிக்கும் காசு கட்டணும். நம்ம ஊர் பனியன் கம்பெனியில் பழகுகிற பிள்ளைகளுக்குக்கூட கொஞ்சம் கூலி தருவாங்க. இங்கே பழகுகிறவர்தான் கூலி தரணும்! நம் நாட்டில் வணிக உரிமம் வரைக்கும் படிக்க 40 லட்சம் ரூபாய்க்கு மேலே ஆகும். அதனால் "இது பணக்காரங்க படிப்பு" என்று விட்டுவிடுகிறோம். செலவைக் குறைக்க வழியே இல்லையா? இருக்கிறது.

1. சின்ன விமானம் போதும்

செஸ்னா 152 என்பது இரண்டு பேர் உட்காரும் விமானம். செஸ்னா 172-இல் நான்கு பேர் உட்காரலாம். 152 ஒரு மணிக்கு ஏறக்குறைய 23 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். 172 ஏறக்குறைய 32 லிட்டர் குடிக்கும். 100 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 900 லிட்டர் மிச்சம். அதுவும் சாதாரண பெட்ரோல் அல்ல, ஏவ்கேஸ் என்ற விலை கூடிய பெட்ரோல். முன்பு இதை வெளிநாட்டிலிருந்துதான் வாங்கினோம். 2022-இல்தான் இந்தியன் ஆயில் இதை நம் நாட்டிலேயே தயாரிக்க ஆரம்பித்தது. மணிக்கணக்கு சேர்க்கிறவருக்குப் பெரிய விமானம் தேவையில்லை.

2. கூட்டாக வைத்துக்கொள்வது

ஒரு விமானத்துக்கு ஷெட் வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 6 லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மட்டும் 100 மணி நேரம் பறந்தால் மணிக்கு 6,000 ரூபாய் விழும். ஆறு பேர் சேர்ந்து ஆளுக்கு 100 மணி பறந்தால் மணிக்கு 1,000 ரூபாய்தான். பெட்ரோல் செலவு மட்டும் அவரவர் கணக்கு. ஒரு பவர் டேபிள் மிஷினை இரண்டு ஷிப்ட் ஓட்டினால் வாடகை கட்டுப்படியாகிறது இல்லையா, அதே கணக்குதான். பறக்கும் கிளப் என்பதே இப்படி வந்ததுதான். சென்னையில் மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் 1930-லேயே தொடங்கியது. அமெரிக்காவில் தனியார் விமானி கூட வருகிறவர்களோடு அந்தப் பயணச் செலவைச் சமமாகப் பங்கு போடலாம். ஆனால் தன் பங்கை அவர் கட்டாயம் தரவேண்டும், லாபம் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு நாட்டுக்கும் விதி வேறு. கேட்டுத் தெரிந்துகொண்டுதான் செய்யணும்.

3. ஒரே பயணத்தில் இரண்டு கணக்கு

இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. வணிக உரிமத்துக்கான 200 மணியில் 100 மணி, தானே பொறுப்பு விமானியாக ஓட்டியிருக்கணும். அதில் 20 மணி வெளியூர்ப் பயணம். அதில் ஒரு பயணம் 300 கடல் மைலுக்குக் குறையாமல், நடுவில் இரண்டு வேறு நிலையங்களில் இறங்கி நின்று போகணும். 10 மணி கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டணும். இதில் 5 மணி வரை சிமுலேட்டரிலேயே செய்யலாம். சிமுலேட்டருக்குப் பெட்ரோல் வேண்டாமே!

கணிதத்தில் கணங்கள் பாடம் படித்தோமே, உட்கணம் நினைவிருக்கிறதா? 20 மணி என்பது 100 மணிக்குள் உட்கணம். இரண்டையும் தனித்தனியாகக் கூட்டினால் செலவு கூடும். ஒரே பயணத்தில் இரண்டையும் முடித்தால் குறையும்.

1 கடல் மைல் = 1.852 கி.மீ. ஆக 300 கடல் மைல் = 555.6 கி.மீ. அட்லஸில் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன். கோவை – திருச்சி – மதுரை – கோவை சுற்றினால் 500 கி.மீ.கூட வரவில்லை. கோவை – திருச்சி – தூத்துக்குடி – கோவை என்றால் ஏறக்குறைய 700 கி.மீ. வருகிறது. மணிக்கு 100 கடல் மைல் வேகத்தில் போனால் நாலு மணி நேரத்துக்குள் முடியும்.

4. தரையில் படித்துவிட்டு ஏறுவது

பல இடங்களில் என்ஜின் ஓடத் தொடங்கியதுமே வாடகை மீட்டரும் ஓடும். ஆட்டோ மீட்டர் மாதிரி. ஏறி உட்கார்ந்த பிறகு வரைபடத்தைத் தேடினால் காசு போகும். வழி, காற்று, எடை, பெட்ரோல் எல்லாம் கீழேயே கணக்குப் போட்டவர் அதே பாடத்தைக் குறைந்த மணியில் கற்றுக்கொள்வார். இது ஒரு பைசா செலவில்லாத வழி.

5. மற்றவர் விமானம், மற்றவர் பெட்ரோல்

விமானத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை உண்டு. இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு பெருமையான உதாரணம் இருக்கிறது. திருமதி உஷா சுந்தரம் 1949-இல் பெங்களூர் ஜக்கூர் அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் தேறிய முதல் பெண். 1951-இல் மெட்ராஸ் அரசு இங்கிலாந்தில் ஒரு 'டவ்' விமானம் வாங்கியது. அதை உஷாவும் அவர் கணவர் கேப்டன் வி. சுந்தரமும் சேர்ந்து ஓட்டிவந்தார்கள். 27 மணி நேரத்துக்குள் இந்தியா வந்து சேர்ந்தார்கள். பிஸ்டன் என்ஜின் விமானத்தில் அது சாதனை! விமானம் அரசாங்கத்துடையது, மணிக்கணக்கு அவர்களுடையது. இதே தம்பதியர்தான் பிறகு சென்னையில் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பைத் தொடங்கினார்கள்.

வணிக உரிமம் வாங்கியதும் பயிற்சியாளர் ஆவதும் ஒரு வழி. பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும்போதே சம்பளமும் வரும், மணியும் சேரும். அமெரிக்காவில் பெரிய விமானக் கம்பெனியில் சேரப் பொதுவாக 1,500 மணி வேண்டும் என்பதால் நிறையப் பேர் இப்படித்தான் சேர்க்கிறார்கள்.

செய்யக் கூடாத வழி

பறக்காமலே பறந்ததாகப் பதிவுப் புத்தகத்தில் எழுதுவது. நம் நாட்டில் 2011-இல் போலிச் சான்றிதழ், பொய் மணிக்கணக்கு என்று பலர் மேல் வழக்கு வந்தது. தைக்காத பீஸைத் தைத்ததாக எழுதினால் கம்பெனிக்கு நஷ்டம், அவ்வளவுதான். பறக்காத மணியை எழுதினால் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் உயிர் போகும். செலவைக் குறைக்கலாம். பயிற்சியைக் குறைக்கக் கூடாது.

நமக்கு என்ன?

இவ்வளவு குறைத்தாலும் லட்சக்கணக்கில்தான் ஆகும். மறைக்க வேண்டியதில்லை. ஆனால் காசு கேட்கிறதுக்கு முன்னாடி விமானம் வேறு இரண்டைக் கேட்கிறது: கணக்கும் அறிவியலும். அவை நம் பள்ளியில் இலவசம். என்.சி.சி. விமானப் பிரிவில் சேர்கிற மாணவ மாணவியர் மைக்ரோலைட் என்ற குட்டி விமானத்தில் காசில்லாமல் பறக்க வாய்ப்பு உண்டு. உத்தரப்பிரதேசத்தில் 1985-இல் மத்திய அரசு தொடங்கிய இந்திரா காந்தி விமான அகாடமிக்கு நுழைவுத் தேர்வு எழுதித்தான் போகணும்.

இந்திய விமானிகளில் ஏறக்குறைய 15 சதவீதம் பேர் பெண்கள். உலக சராசரி 5 சதவீதம்தான். ஆகவே "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு" என்று யாராவது சொன்னால் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

முடிவுரை

பத்தாவது முடித்ததும் படிப்பை நிறுத்தி வேலைக்குப் போகிற அக்காமார் நம் தெருவில் நிறைய. முதல் உரிமத்துக்கு 16 வயது. நமக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. எல்லாரும் விமானி ஆக முடியாது. ஆனால் பெரிய செலவு என்று பயந்து நிற்காமல், அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கணக்குப் போடப் பழகினால் எந்தப் படிப்பையும் நெருங்கலாம்.

யோசியுங்கள்!

1. செஸ்னா 152-இல் 160 மணி நேரம் பறக்க எத்தனை லிட்டர் பெட்ரோல் வேண்டும்?
2. 700 கி.மீ. என்பது எத்தனை கடல் மைல்?

விடையை நோட்டில் எழுதி வகுப்பு ஆசிரியையிடம் கொடுக்கவும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி