மனிதனுக்குப் பின் விலங்குலகம்

மனித இனம் மறைந்துவிடின் பூமியில் விலங்குகள் எவ்வாறு மாறும்? இவ்வினாவிற்குப் பழைய வரலாறே வழிகாட்டும். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், பறவைக் கிளை நீங்கலாக, டைனோசார்கள் அழிந்தன. அவை வாழ்ந்த இடங்களை அந்நாளில் பெரும்பாலும் சிற்றுருவினவாயிருந்த பாலூட்டிகள் நிரப்பின. யானையும் திமிங்கிலமும் அவற்றின் வழித்தோன்றல்களே.

ஸ்காட்லாந்து நாட்டு நிலவியலறிஞர் டூகல் டிக்ஸன் 1981-இல் வெளியிட்ட ‘மனிதனுக்குப் பின்’ என்னும் நூலில், 5 கோடி ஆண்டுகளுக்குப் பிற்பட்ட உலகைக் கற்பனை செய்தார். அங்கு முயலின் சந்ததிகள் மான்களின் இடத்தையும், எலியின் சந்ததிகள் ஊனுண்ணிகளின் இடத்தையும் பெறுகின்றன.

இக்கற்பனைக்கு அடிப்படையான விதி கண்கூடானது. கலாபகஸ் தீவுகளுள் ஒன்றான டாப்னே மேஜரில் 1977-இல் வறட்சி நேர்ந்தது. சிறு விதைகள் அருகின. கடினமான பெரு விதைகளை உடைக்கவல்ல, தடித்த அலகுடைய குருவிகளே மிகுதியாகப் பிழைத்தன. அவற்றின் குஞ்சுகளும் முன்னையவற்றினும் தடித்த அலகைப் பெற்றிருந்தமையைப் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் ஆகியோரின் குழுவினர் அளந்து கண்டனர்.

வருங்கால விலங்கின் வடிவை எவராலும் அறுதியிட்டுக் கூற இயலாது. ஆயினும், இன்று எஞ்சும் இனங்களே நாளைய இனங்களின் மூதாதையர். அழிந்த இனத்திற்குச் சந்ததி இல்லை. ஆசிரியர்கள் இதனை மாணவர் மனத்திற் பதியச் செய்தல் வேண்டும்.