தூக்குக் கயிறு தெரியும்போது வந்த நம்பிக்கை



போன வருஷம் அம்மாவோட பயாப்ஸி ரிசல்ட்டுக்காக நாலு நாள் காத்திருந்தோம். "ரிசல்ட் நல்லா வரட்டும் முருகா, பழனிக்கு வந்து மொட்டை போடுறேன்"னு வேண்டிக்கிட்டே இருந்தேன். ஆனா உள்ளுக்குள்ள நம்பிக்கை துளிகூட இல்ல, பயம் மட்டும்தான் இருந்தது. அந்த நாட்கள்ல படிச்சதுதான் ஸ்ரீ அரவிந்தரின் சிறை அனுபவம்.

ஏழு வயசுல இங்கிலாந்து போய், கேம்பிரிட்ஜ் வரை அங்கேயே படிச்சவர் அரவிந்தர். யோகம் பண்ண ஆரம்பிச்சதே நாட்டு விடுதலைக்குச் சக்தி வேணும்னுதான். அப்போ தனக்குக் கடவுள் மேல உறுதியான நம்பிக்கை இல்லைன்னு அவரே பின்னாடி சொல்லியிருக்கார்.

1908 மே 2-ல் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் கைதானார். அரசருக்கு எதிராகப் போர் தொடுத்ததாகக் குற்றச்சாட்டு. நிரூபணமானா தூக்கு வரை போகலாம். போலீஸ் காவலில் இருந்த முதல் மூணு நாள், இருந்த கொஞ்ச நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. "ஏன் எனக்கு இப்படி?"ன்னு தவிச்சார். மூணாம் நாள்தான் உள்ளிருந்து ஒரு குரல், பொறுத்திருந்து பார்க்கச் சொன்னது.

பிறகு அலிப்பூர் சிறை. சுமார் ஒன்பதடி நீளத்தில், ஜன்னல் இல்லாத தனிக் கொட்டடி. அங்கே கீதை படிச்சார், தியானம் செய்தார். சிறைச் சுவர், கம்பிக் கதவு, எதிரே நின்ற மரம், படுத்த கம்பளி, கூட இருந்த திருடர்கள், கொலைகாரர்கள் எல்லாத்திலும் வாசுதேவனையே கண்டார். கோர்ட்டில் நீதிபதியிடமும், எதிர்த்து வாதாடின அரசு வக்கீலிடமும்கூட! 1909 மே 30-ல் உத்தரபாராவில் பேசும்போது இதை அவரே சொன்னார்.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்த தரிசனம் கிடைச்சப்போ தீர்ப்பு வரவே இல்லை. ஒரு வருஷம் கழிச்சு 1909 மே 6-ல்தான் விடுதலையானார். அதே தீர்ப்பில் அவர் தம்பி பாரீந்திரருக்கும் உல்லாஸ்கர் தத்தருக்கும் தூக்கு. அப்பீலில்தான் அது அந்தமான் ஆயுள் தண்டனையாகக் குறைஞ்சது. அப்போ அண்ணனைச் சாமி காப்பாத்துச்சு, தம்பியைக் கைவிட்டுடுச்சுன்னு சொல்ல முடியுமா? நம்பிக்கையைத் தீர்ப்பை வெச்சு அளந்தா இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

இதில் நமக்கு மூணு பாடம்:

1. நம்பிக்கை ஆட்டம் காண்பது பாவம் இல்லை. அவருக்கே மூணு நாள் ஆடியது.

2. வேண்டுதல் தப்பில்லை. ஆனா "இது நடந்தா அது தர்றேன்"கிறதோட பக்தி நின்னுடக் கூடாது.

3. சாமியைத் தேட இடம் மாற வேண்டாம். கொட்டடியில் கண்டவருக்கு அந்தச் சுவரே கோயில்.

1910-ல் புதுச்சேரிக்கு வந்தவர், கடைசி வரை நம்ம தமிழ் மண்ணிலேயே தங்கிட்டார்.

அம்மா இப்ப ட்ரீட்மென்ட்ல இருக்காங்க. ஆஸ்பத்திரி வராண்டாவில் இப்பவும் முருகா முருகான்னுதான் சொல்றேன். "காப்பாத்து"ன்னு கேட்கிறதை விட "கூடவே இரு"ன்னு கேட்கிறதுதான் இப்ப அதிகம்.

வேலும் மயிலும் துணை!