கொய்சுவல்: காயல்துறைக் குதிரை வணிகமும் ஒரு சொற்சான்றும்

தாமிரபரணி முகத்துவாரத்தில் வண்டல் படியக் கடல் விலகிற்று. அதனால் கொற்கையின் துறைச்சிறப்பு முதலில் பழையகாயலுக்கும், பின்னர்ப் புன்னைக்காயலுக்கும் பெயர்ந்தது. முத்துக்குப் பெயர்பெற்ற இக்கரையில் பிற்காலப் பாண்டியர் நாளில் இறங்கிய மற்றொரு பெருஞ்சரக்கு குதிரை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயலைக் குறிப்பிடும் மார்க்கோ போலோ, ஓர்முசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து அங்குக் குதிரைகள் வந்ததைக் கூறுகிறார். பேணும் முறை அறிந்தோர் இன்மையால் அவை பெருந்தொகையாக மடிந்தன என்பதும் அவர் கூற்று. இதனைக் கொண்டு குதிரை பேணும் அறிவே தமிழகத்தில் இருந்ததில்லை எனத் துணிவது பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

சங்க இலக்கியம் குதிரையின் பிடரிமயிரை உளை, சுவல் என்னும் இரு சொற்களாற் சுட்டுகிறது. உளை என்பது மயிரையும் குறிக்கும். தலையாட்டம் என்னும் அணியையும் குறிக்கும். அகநானூற்றின் 4ஆம் பாடல் தேர்க்குதிரைக்கு உளை, கொய்சுவல் ஆகிய இரண்டையும் அடையாக்குகிறது. அங்கு உளையை அணியெனக் கொள்ளினும் மயிரெனக் கொள்ளினும், கொய்சுவல் என்பதில் ஐயத்திற்கு இடமில்லை, கொய்யப்படுவது மயிரே. ஆடையின் மடிப்பைக் கொய்சகம் என வழங்குவதால், சுவலை மடித்துப் பின்னினர் எனப் பொருள்கொள்ளவும் ஒருவர் முற்படலாம். எனினும் மயிரொடு சேருமிடத்துக் கொய்தல் என்பதற்குக் கத்தரித்தல் என்பதே நேர்பொருள்.

இச்சொல் வெற்றழகு குறித்ததன்று. தேர்க்குதிரையின் கழுத்தில் நுகம் அமரும். நீண்ட மயிர் நுகத்திலும் வாரிலும் சிக்கும். ஆதலின் கொய்தல் பூட்டுவதற்குரிய ஆயத்தமுமாம். பெரும்பாணாற்றுப்படை கலத்தில் வந்த குதிரையை உளையின் வெண்ணிறத்தால் அடையாளப்படுத்த, அகப்பாடல் பூட்டிய குதிரையைக் கொய்த சுவலால் அடையாளப்படுத்துகிறது. ஈரிடங்களைக் கொண்டு பொதுவிதி வகுத்தல் ஆகாது. ஆயினும் வேறுபாடு நோக்கத்தக்கது.

இனி, இச்சான்று போலோவை மறுக்கிறதெனக் கொள்வதும் பிழை. இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. மயிர் கொய்தல் வாதுவன் தொழில்; போலோ இல்லையென்பது குதிரை மருத்துவரை. அவர்கள் இந்நாட்டுக்கு வாராதவாறு வணிகரே தடுத்தனர் என்றும் அவரே எழுதுகிறார். மடிந்த குதிரைக்கு ஈடாக ஆண்டுதோறும் புதிய குதிரை விற்றால் ஊதியம் அவர்களுக்கே.