கேட் திறந்திருக்கா?

ஆடி அமாவாசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது வத்திராயிருப்பில் யாருக்குப் போன் வந்தாலும் நலம் விசாரிப்பெல்லாம் பிறகுதான். முதல் கேள்வி, "கேட் திறந்திருக்கா?" சதுரகிரி மலைக்கு ஏறும் வழியில் உள்ள தாணிப்பாறை வனத்துறை கேட்டைத்தான் கேட்கிறார்கள். மதுரையில் இருக்கும் சித்தப்பா, திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன பழைய கூட்டாளி, ஒருமுறை சதுரகிரிக்கு வந்தபோது டீக்கடையில் பழகி நம்பர் வாங்கிப்போன கோயம்புத்தூர்க்காரர் என்று எல்லாருக்கும் இந்த ஊர்க்காரன்தான் தகவல் மையம். நமக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்ல வாய் வராது. "நேத்து விட்டாங்களாம்" என்று ஒரு 'ஆம்' போட்டுச் சொல்லிவைப்போம். அந்த 'ஆம்' வழியிலேயே உதிர்ந்துவிடும். மதுரை போய்ச் சேரும்போது அது உறுதியான செய்தி.

கேட்டுக்கு மேலே இருப்பது லேசுப்பட்ட இடமில்லை. ஏறும் அடிவாரம் விருதுநகர் மாவட்டம். சுந்தரமகாலிங்கமும் சந்தனமகாலிங்கமும் இருக்கும் மலையுச்சி மதுரை மாவட்டம், சாப்டூர்க் காடு. முதுகுப் பக்கம் இறங்கினால் தேனி மாவட்டத்து வருசநாடு. 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு, 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்ந்து தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமானது. பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். கோயிலுக்கு அறநிலையத்துறை, காட்டுக்கு வனத்துறை, கூட்டத்துக்குப் போலீஸ். ஒரு கேட்டை மூட இத்தனை வாய் திறக்க வேண்டும். அவை திறக்காத நேரத்தில் வாட்ஸ்அப் திறந்துகொள்கிறது.

2015 மே மாதம் மலையில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். அதன்பின் கட்டுப்பாடு இறுகியது. பிரதோஷம் தொடங்கி அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி மாதத்தில் எட்டு நாள் மட்டுமே அனுமதி என்ற ஏற்பாடு பல ஆண்டு நடந்தது. மழை என்றால் அந்த எட்டும் இல்லை. காட்டுத்தீ என்றாலும் இல்லை. மழைத் தடையை ஊர் முணுமுணுப்போடு ஏற்றுக்கொண்டுவிட்டது, ஏனென்றால் மாங்கனி ஓடையில் தண்ணீர் புரள்வது கண்ணுக்குத் தெரிகிறது. தீயால் வரும் தடைதான் தொண்டையில் நிற்கிறது. தீ எங்கோ ஒரு முகட்டுக்கு அப்பால் எரியும். தாணிப்பாறையில் நிற்பவருக்கு வானம் பளிச்சென்று இருக்கும். அங்கே நின்று பேசப்படும் சில பேச்சுகளைக் கீழே எடுத்து வைக்கிறேன்.

"மூங்கில் ஒண்ணோடொண்ணு உரசித்தான் தீப் பிடிக்குது. அதுக்கு மனுசன் என்ன பண்ணுவான்?"

சங்கப் புலவர்கள் காலத்திலிருந்து வரும் நம்பிக்கை இது. கவிதையாக ரசிக்கலாம். ஆனால் உரசித் தீ உண்டாக்க வேண்டுமென்றால் காய்ந்த மரம், ஒரே இடத்தில் விடாத அழுத்தம், பொறியை வாங்கிக்கொள்ள நன்றாக உலர்ந்த பஞ்சு போன்ற சருகு, மூன்றும் ஒருசேர வேண்டும். தீக்கடைகோல் கடைந்து பார்த்தவரைக் கேளுங்கள், கை கொப்பளித்த கதை சொல்வார். காற்றில் ஆடும் மூங்கில் ஒரே புள்ளியில் நிற்பதில்லை. இடி விழுந்து பற்றுவது உண்டு; நம் பக்கம் இடி பெரும்பாலும் மழையையும் கையோடு கூட்டி வரும். இந்தியாவில் காட்டுத்தீயில் மிகப் பெரும்பகுதி மனிதக் கையால் வருவது என்பதைத்தான் வனத்துறைகள் ஆண்டாண்டாகச் சொல்கின்றன. அணைக்காத பீடி, மூன்று கல் கூட்டிய அடுப்பு, வழியில் கண்ட பாறைக்கெல்லாம் ஏற்றிய கற்பூரம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 30-ஆம் பிரிவு, சரணாலயத்துக்கு ஆபத்து வரும் விதத்தில் அதற்குள் தீ மூட்டுவதையும் எரியும் தீயை விட்டுப் போவதையும் தடை செய்கிறது. பக்தியோடு மூட்டிய தீக்கு அதில் தனிச் சலுகை எழுதப்படவில்லை.

"தீயெல்லாம் பங்குனி, சித்திரையோட சரி. ஆடியில ஏன் மூடுறான்?"

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் அரசாங்கமே அப்படித்தான் பழக்கியிருக்கிறது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 மலைப்பாதைகளைத் திறந்த வனத்துறை, 2025-இல் தீக்காலத்தை முன்னிட்டு பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை அவற்றை மூடியது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் பொருந்தும் கணக்கு அது. நம் மலை கிழக்கே முகம் காட்டுகிறது. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை கேரளத்தை நனைத்துவிட்டு, முகடு தாண்டி நம்மிடம் வரும்போது ஈரம் வற்றிய வெறும் காற்றாக இறங்குகிறது. அம்மியை நகர்த்தும் ஆடிக்காற்று என்று நாம் சொல்வது அதைத்தான். விருதுநகர் மாவட்டத்துக்கு உண்மையான மழை ஐப்பசி, கார்த்திகையில். ஆகவே ஆடியில் இந்தச் சரிவில் மூன்றும் கூடுகின்றன: காய்ந்த புல், வெறிபிடித்த காற்று, ஆண்டிலேயே பெரிய கூட்டம். தீக்காலம் என்று நாட்காட்டியில் போட்டிருக்கும் இரண்டு மாதத்தை விட எனக்கு இந்தச் சேர்க்கைதான் பயம்.

"தீ அந்த மலையில. நாம போறது இந்த மலையில."

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆளைக் கொல்லும் பேச்சு இதுதான்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. நமக்கு அடுத்த மாவட்டமான தேனியில், போடிக்கு மேலே, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த இரண்டு மலையேற்றக் குழுக்களைத் தீ சூழ்ந்தது. ஒரு குழு சென்னையிலிருந்து, இன்னொன்று ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து. அன்றே இறந்தவர்களோடு மருத்துவமனைகளில் இறந்தவர்களையும் சேர்த்து 23 உயிர். ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை நடந்தது. மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. அவர்கள் வாங்கிய சீட்டு குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் போகும் பாதைக்கானது, கொழுக்குமலைப் பாதைக்கு அனுமதி இல்லை என்பது வனத்துறை தரப்பு. சீட்டுக் கிழித்துக் கொடுத்தால் உள்ளே எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைப்பது நம் எல்லாருக்கும் உள்ள பழக்கம். சீட்டு என்பது கட்டணத்துக்கான ரசீது மட்டும்தான். அன்று காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று அதில் எழுதியிருக்காது.

சமவெளியில் வைக்கோல் படப்பு எரிவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மலைத் தீயின் வேகம் நம் கணக்கில் வருவதில்லை. சரிவில் தீ மேல்நோக்கி ஏறும்போது அதன் நாக்கு, முன்னால் இருக்கும் புல்லைத் தொடுவதற்கு முன்பே உலர்த்திச் சூடாக்கி வைத்துவிடுகிறது. சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது தீயணைப்புத் துறையினர் உலகெங்கும் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. முப்பது டிகிரிச் சரிவில் எட்டு மடங்கு. சதுரகிரி வழியில் வழுக்குப்பாறையில் நீங்கள் இரண்டு கையும் ஊன்றி ஏறிய சரிவை நினைத்துக்கொள்ளுங்கள். 1949-இல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், மான் கல்ச் என்ற புல் மூடிய மலைச்சரிவில், பயிற்சி பெற்ற தீயணைப்பு வீரர்களே 13 பேர் மேல்நோக்கி ஓடித் தீயிடம் தோற்றார்கள். அவர்களின் தலைவர் தன் காலடிப் புல்லுக்குத் தானே தீ வைத்து, அது கருகிய இடத்தில் குப்புறப் படுத்துப் பிழைத்தார்.

ஓடைக்குள் இறங்கிவிட்டால் தப்பிக்கலாம் என்பது இதன் கிளை நம்பிக்கை. கோடையில் தண்ணீரில்லாத ஓடைப் பள்ளம் தீக்குப் புகைபோக்கி. சூடான காற்று அதன் வழியாகத்தான் மேலே இழுக்கப்படும். புல்லில்லாத அகன்ற பாறையும் ஏற்கெனவே எரிந்து கருகிய தரையும் அதைவிட எவ்வளவோ மேல்.

இப்போது கூட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். தாணிப்பாறையிலிருந்து கோயில் வரை ஏறத்தாழ 10 கிலோமீட்டர், பல இடங்களில் ஒற்றை ஆள் வழி. சங்கிலிப்பாறையில் எதிரே வருபவருக்கு ஒதுங்கி நின்றுதான் வழிவிட வேண்டும். ஆயிரக்கணக்கானவர்கள் மேலே இருக்கும்போது "எல்லாரும் இறங்குங்க" என்றால் கடைசி ஆள் கேட்டைத் தாண்டப் பல மணி நேரம் ஆகும். அவர்களில் பேரனின் தோளைப் பிடித்து நடக்கும் பாட்டிகள் இருப்பார்கள். தீ பக்கத்து மலையில் இருக்கும்போதே கேட்டை மூடுவதற்குக் காரணம் இந்த மணிக்கணக்கு.

"எல்லாம் காட்டுக்குள்ள இருக்கிற பளியங்க வைக்கிற தீ."

ஆதாரம் கேட்டால் யாரிடமும் இருக்காது. தாணிப்பாறை அடிவாரத்திலும் அத்திக்கோயிலிலும் செண்பகத்தோப்பிலும் இருக்கும் பளியர்களுக்குத் தேனும் கிழங்கும் கடுக்காயும் அந்தக் காட்டிலிருந்துதான் வர வேண்டும். தீ என்று தெரிந்தால் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு முதலில் மேலே ஏறுபவர்களிலும் அவர்கள் உண்டு. காட்டுக்குத் தீ வைத்தால் நல்ல புல் முளைக்கும் என்று மாடு மேய்ப்பவர்கள் சொல்வது மட்டும் பாதி உண்மை. புது முளை வரும்தான். கூடவே நாற்றாக நின்ற மரக்கன்றுகள் போகும், அடுத்த மழையில் மேல்மண் பிளவக்கல் அணையை நோக்கிக் கிளம்பும். இன்னொரு பாதியும் சொல்லத்தான் வேண்டும்: கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர்கள் பருவம் பார்த்துச் சருகை மட்டும் எரிக்கும் 'தரகு பெங்கி' வழக்கம் இருந்தது, அது நிறுத்தப்பட்டதால்தான் உண்ணிச்செடி காட்டை மூடியது என்பது அவர்கள் வாதம். ஆய்வாளர்களிலும் அதை ஏற்பவர்கள் உண்டு. ஆக, தீ எப்போதும் எதிரி என்பதும் முழுச் சரியில்லை. அதற்காக யாரோ வீசிய பீடித்துண்டைப் பாரம்பரிய அறிவு என்று சொல்ல முடியாது.

"அணைஞ்சிருச்சுல்ல. ஹெலிகாப்டர் எல்லாம் இருக்கே. திறக்க வேண்டியதுதானே?"

2024 மார்ச்சில் குன்னூர்க் காட்டுத்தீக்கு விமானப்படை ஹெலிகாப்டர் பெரிய வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றியது. அந்த வீடியோ வந்ததிலிருந்து இந்த நம்பிக்கை. அப்போதும் தரையில் ஆட்கள் நின்றுதான் வேலையை முடித்தார்கள். நம் மலையில் பெரும்பாலும் இலைக்கொத்தால் அடித்து, சருகைக் கூட்டி ஒதுக்கி, தடுப்புக் கோடு வெட்டித்தான் அணைக்கிறார்கள். சுடர் போனாலும் வேருக்குள்ளும் கட்டைக்குள்ளும் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். அடிமரம் வெந்துபோன மரம் காற்றில்லாமலே சாயும். வேர் பிடித்து வைத்திருந்த கல் உருளும். ஓரிகன் மாநிலத்து ஈகிள் க்ரீக் பாதையில் 2017 செப்டம்பரில் ஒரு சிறுவன் வீசிய பட்டாசால் தீ பற்றி, நடக்க வந்தவர்கள் 150 பேர் அளவுக்கு இரவு முழுக்கக் காட்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள். அந்தப் பாதை மறுபடி திறந்தது 2021 ஜனவரியில். மூன்று ஆண்டுக்கும் மேல்! நாம் மூன்று நாளுக்கே தாணிப்பாறையில் மறியலுக்கு உட்கார்ந்துவிடுகிறோம்.

"சாமி கும்பிட விடாம இருக்க வனத்துறை சொல்ற சாக்கு."

இதைப் பக்தர்களின் அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. இந்தச் சந்தேகத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது இன்னொரு நம்பிக்கை. அது கேட்டுக்கு உள்பக்கம் இருக்கிறது: விவரம் சொன்னால் பீதி கிளம்பும், 'தடை' என்று ஒரு வார்த்தை போட்டால் போதும்.

பேரிடர்களில் மக்கள் நடந்துகொள்வதை அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆராய்ந்த சமூகவியலாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டது வேறு. தெளிவான தகவல் கிடைத்தால் மக்கள் பெரும்பாலும் பதறி ஓடுவதில்லை. பக்கத்தில் இருப்பவரோடு கலந்து பேசி, உதவி செய்துகொண்டு நகர்கிறார்கள். தகவல் இல்லாத இடத்தில்தான் ஆளுக்கொரு கதை முளைக்கிறது. "நிர்வாகக் காரணங்களால்", "மறு உத்தரவு வரும் வரை" என்ற இரண்டு சொற்றொடரும் ஒரு காகிதத்தில் இருந்தால் அதைப் படிப்பவர் என்னதான் நினைப்பார்? இன்னாருக்காகக் கேட் திறந்தது என்று யாராவது ஒரு கதை சொல்வார், அது நிலைத்துவிடும்.

அமெரிக்க வனத்துறை ஒரு பாதையை மூடினால் அந்த ஆணைக்கு எண் இருக்கும், தொடங்கும் நாளும் முடியும் நாளும் இருக்கும், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை என்று வரைபடம் இருக்கும், காரணம் இருக்கும். நம்மிடமும் சரக்கு இல்லாமல் இல்லை. இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகக் கண்ட தீப்புள்ளிகளை வன அதிகாரிகளின் போனுக்கு அனுப்புகிறது. பதிவு செய்துகொண்டால் பொதுமக்களுக்கும் வரும். அந்த நிறுவனம் இருக்கும் டேராடூனிலிருந்து சாப்டூர்க் காட்டுத் தீயைப் பார்க்க முடிகிறது. அந்தச் செய்தி தாணிப்பாறை கேட்டில் நிற்கும் காவலரின் வாய்க்கு வரும்போதுதான் "மேலிடத்து உத்தரவு" என்று சுருங்கிவிடுகிறது.

2025 ஜூனில் பக்கத்துக் கூமாப்பட்டியிலிருந்து கிளம்பிய இன்ஸ்டாகிராம் ரீல்களைப் பார்த்து எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். பிளவக்கல் அணையில் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை என்று அதிகாரிகள் பிறகு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. ரீல் முந்திவிட்டது, அறிவிப்பு பின்னால் ஓடியது. ரீலில் இடம் எது என்று தெளிவாக இருந்தது, கூப்பிடும் குரல் இருந்தது. அறிவிப்பில் இருந்தது வெறும் 'இல்லை'.

மதுரைப் பக்கமிருந்து வரும் வண்டிகள் வத்திராயிருப்புக்குத் திரும்புவது கிருஷ்ணன்கோவிலில். போர்டு வைக்க வேண்டிய இடம் அதுதான். இரவெல்லாம் வண்டியில் வந்து தாணிப்பாறையில் கேட்டைப் பார்த்த பிறகு சொல்வதில் என்ன பயன்? பெரிய எழுத்தில் ஐந்து வரி போதும். தீ எந்தப் பக்கம் எரிகிறது. எந்தப் பாதை மூடியிருக்கிறது, சாப்டூர்ப் பக்கமிருந்து ஏறும் வாழைத்தோப்பு வழியும் சேர்த்தா என்று. எத்தனை மணிக்கு எழுதியது. அடுத்து எத்தனை மணிக்கு மாற்றி எழுதுவார்கள். மேலே இருப்பவர்கள் பத்திரமாக இருக்கிறார்களா. அந்த ஐந்தாவது வரிக்காகத்தான் பாதிப் போன்கள் வருகின்றன.

எதிரே டீக்கடை இருக்கும். மாஸ்டர் ஒரு கையில் டீ ஆற்றிக்கொண்டே மறு கையில் போனை எடுத்து, போர்டைப் பார்த்து வாசித்துச் சொல்வார். 'ஆம்' போட மாட்டார்.