வனஸ்பதி டின்னும் வாடிக்கையாளர் இதயமும்

"அண்ணாச்சி, கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய் குடுங்க" என்று கேட்காத வாடிக்கையாளர் இப்போது குறைவு. கொலஸ்ட்ரால் என்பது பிராணிகளின் உடலில் உண்டாகும் பொருள். நெய்யில் உண்டு, கடலை எண்ணெய், நல்லெண்ணெய், பாமாயில் எதிலும் சொல்லும்படியாகக் கிடையாது. பாக்கெட்டில் அச்சிட்டிருப்பது பொய்யல்ல. ஆனால் அதைக் காட்டி ஒரு எண்ணெயை மற்றொன்றைவிட உயர்ந்தது என்று விற்பது வியாபார தர்மம் ஆகாது. பார்க்க வேண்டியது எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களையே.

நிறைவுற்ற கொழுப்பு அமிலம் உணவில் மிகுந்தால், இரத்தத்தில் எல்.டி.எல். என்னும் கெட்ட கொலஸ்ட்ரால் கூடி, இதய இரத்தக் குழாயில் அடைப்புக்கு வழி செய்யும். இது தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவிகிதம், பாமாயிலில் ஏறக்குறைய பாதி, கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு, நல்லெண்ணெயில் 15 சதவிகிதம் அளவில் உள்ளது. மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைவதும், பாமாயில் டின்னின் அடியில் வெள்ளையாகப் படிவதும் இதனால்தான்.

இதைவிடக் கொடியது டிரான்ஸ் கொழுப்பு. நிக்கல் உதவியுடன் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி எண்ணெயைக் கெட்டியாக்கும் முறையில் வனஸ்பதி தயாரானது. 1937-ல் டால்டா வந்தது முதல் இது நம் கடைகளில் இடம் பிடித்தது. (நெய்யில் கலந்தால் சோதனையில் அகப்படட்டும் என்று வனஸ்பதியில் 5 சதவிகிதம் நல்லெண்ணெய் சேர்க்கச் சட்டம் செய்தார்கள். அன்றைய கவலை நெய்யைப் பற்றி மட்டுமே!) அரைகுறையாக ஹைட்ரஜன் ஏற்றும்போது டிரான்ஸ் கொழுப்பு உண்டாகிறது. அது கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டி, எச்.டி.எல். என்னும் நல்லதைக் குறைக்கிறது. இதனால் உலகில் ஆண்டுக்கு 5 லட்சம் பேர் வரை இதய நோயில் அகால மரணமடைவதாக உலக சுகாதார நிறுவனம் கணித்தது. டென்மார்க் 2003-லேயே சட்டம் கொண்டுவந்தது. நம் நாட்டில் 10 சதவிகிதமாக இருந்த வரம்பு 5 ஆகி, 2021 ஜனவரியில் 3 ஆகவும், 2022 ஜனவரியில் 2 ஆகவும் இறங்கியது.

இதில் நமக்கு என்ன? சிறுசேரி சிப்காட் வாசலில் மாலையில் பஜ்ஜி, சமோசா போடுபவரும், நாவலூர், கேளம்பாக்கம் பேக்கரிக்காரரும் சரக்கெடுப்பது நம்மிடம்தான். அவர்கள் கேட்பது விலை குறைந்த டின். லேபிள் இல்லாத 'பேக்கரி கொழுப்பு' மலிவாக வரும்போது சபலம் தட்டும். ஆனால் யாரிடம் வாங்கியது என்று காட்ட முடியாத உணவுப் பொருளுக்கு விற்றவரே பொறுப்பு என்கிறது 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம். நமக்குச் சரக்கு தருபவர் போடும் பில்லையே தரத்துக்கான எழுத்து மூல உத்தரவாதமாகவும் அச்சட்டம் ஏற்கிறது. பில் இல்லாத டின்னில் மிஞ்சும் பத்து இருபது ரூபாய்க்காக அந்தக் காப்பை விடுவது புத்திசாலித்தனமா? டின்னை இறக்கும்போதே டிரான்ஸ் கொழுப்பு எவ்வளவு, தயாரித்தவர் யார், தேதி என்ன என்று லேபிளைப் படித்துப் பார்க்கக் கடைப் பையனுக்கும் பழக்கிவிட வேண்டும்.

ஓட்டலில் பொரித்து மிஞ்சிய கருத்த எண்ணெயை வாங்கிச் சிறு கடைகளுக்குத் தள்ளிவிடுவோரும் உண்டு. பலமுறை காய்ந்த எண்ணெயில் சேரும் போலார் கூட்டுப்பொருள்கள் 25 சதவிகிதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. அத்தகைய எண்ணெயை பயோடீசல் தயாரிப்பாளர்கள் காசு கொடுத்தே எடுத்துக்கொள்கிறார்கள். ஓட்டல்காரர் கேட்டால் அந்த வழியைச் சொல்லி அனுப்பலாம்.